தேசியு ராயன் கதை பாடியவர்

எங்கள் வளவில் அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்து, "சாப்பிட்டாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. மற்றவர்கள் "ஆச்சு" என்று ஒரே வார்த்தையில் முடிப்பார்கள். அவர் நின்றுகொள்வார். என்ன குழம்பு, அதில் ஏன் உப்பு குறைந்தது, குறைந்ததை எடுத்துச் சொன்னதற்கு அவர் மனைவி, எங்கள் மதினி, என்ன பதில் கொடுத்தார், அந்தப் பதிலில் எவ்வளவு நியாயம் இருந்தது என்பது வரைக்கும் சொல்லித்தான் ஆளை விடுவார். உள்ளே மதினி தலையில் அடித்துக்கொள்வது வாசல் வரை கேட்கும்.

நான் கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு வாக்கில். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்களும் கோயில் ஊழியக்காரர்களும் குடியிருந்த வளவு அது. அடுத்த வீட்டு அண்ணாச்சி உபதேசியார். சபைக் குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். ஐயர் இல்லாத சின்னச் சின்ன ஊர்களுக்கு நடந்தே போய் ஜெபம் நடத்திவிட்டு வருவதுதான் உபதேசியார் வேலை. என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். பிடில் வாசிப்பார். அந்தப் பிடிலால்தான் இரண்டு வீட்டுக்கும் உறவு உண்டானது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரே சொல்லும். அண்ணாச்சியிடம் மட்டும் என் வாய் செல்லாது. நான் ஒன்று சொன்னால் அதற்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் சேர்த்து அவர் சொல்லிவிடுவார்.

எதையும் விட்டுவிட்டுச் சொல்ல அவருக்குத் தெரியாது. வேதத்தில் இன்னான் இன்னானைப் பெற்றான் என்று பக்கம் பக்கமாகப் பேர்கள் வருமே, அதை எல்லாரும் தாண்டிக்கொண்டு போவார்கள். அவர் ஒரு பேரையும் விடாமல் நிறுத்தி நிதானமாக வாசிப்பார். கோயிலில் பாதிப் பேர் தூங்கிவிடுவோம். ஏன் அண்ணாச்சி இப்படிப் பாடாய்ப் படுத்துகிறீர்கள் என்று நான் ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"விட்டுட்டுப் போனா அந்தப் பேருக்காரன் நாளைக்கு மோட்சத்துல வந்து என் சட்டையப் புடிப்பாம்லா தாயி" என்றார். சிரிக்கவில்லை.

நெல் வியாபாரி ஒருவர் இறந்தபோது இவரைப் பேசச் சொன்னார்கள். அவருடைய ஜெபம், கொடை, பிள்ளைகளைப் படிக்கவைத்தது எல்லாவற்றையும் கண் கலங்கச் சொல்லிவிட்டு, "நெல் அளக்குத மரக்கால் மட்டும் கொஞ்சம் சின்னது" என்று முடித்தார். பெட்டியைச் சுற்றி நின்ற பிள்ளைகள் முகம் எப்படி இருந்திருக்கும்! வீட்டுக்கு வந்ததும் மதினி பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். அவர் நிதானமாகச் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. "பாதியச் சொன்னா செத்தது வேற ஆளுல்லாட்டி?"

இப்படிப்பட்டவருக்குக் கதாகாலட்சேபம் வாய்த்தது தெய்வாதீனம் என்றுதான் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் சபைகளிலும் காலட்சேபம் உண்டு. கையில் சிப்ளாக்கட்டையுடன் நின்று, வேதத்துக் கதைகளையும் ஆதித் திருச்சபையின் கதைகளையும் பாட்டும் வசனமுமாகச் சொல்வார்கள். அண்ணாச்சி பல கதைகள் சொல்வார் என்றாலும் ஜனங்கள் கேட்பது ஒன்றைத்தான். தேசியு ராயன் கதை.

தேசியு ரோமாபுரிச் சக்கரவர்த்தி. கிறிஸ்தவர்களைப் பிடித்து, விக்கிரகத்துக்குச் சாம்பிராணி போடு, இல்லையென்றால் சாவு என்று உத்தரவு போட்டவன். அவன் காலத்தில் ராஜ்யமே ஆடிக்கொண்டிருந்தது. "வருசத்துக்கு ஒரு ராயன். பட்டாளமே முடி சூட்டும், பட்டாளமே தலையை வெட்டும். கிழக்கே ஒரு சண்டை, வடக்கே ஒரு சண்டை, நடுவே கொள்ளைநோய்" என்று அண்ணாச்சி கதையைத் தொடங்குவார். வடக்கேயிருந்து கோத்தர் என்ற ஜனக்கூட்டத்தார் தன்யூபு ஆற்றைத் தாண்டி உள்ளே வந்தார்கள். கோத்தர் என்றால் ஜனங்களுக்கு என்ன தெரியும்? அதனால் மாட்டு வண்டி, மண்பானை, இடுப்புப் பிள்ளை, சினை மாடு என்று அந்தப் படை ஆறு தாண்டுவதை ஒவ்வொன்றாகப் பாடுவார். பாவநாசத்து மழைக்குப் பிறகு நம் ஆறு எப்படி வரும், அந்த வெள்ளத்தில் வண்டியை இறக்கினால் மாடு எப்படி மிரளும், எல்லாம் வரும். எதிரிப் படைக்கு இவ்வளவு பாட்டு எதற்கு என்று ஐயர் ஒரு முறை கேட்டார். "அவங்களுக்கும் வயிறு இருக்குல்லா ஐயா" என்றார் அண்ணாச்சி.

கோத்தர் பெரிய பட்டணம் ஒன்றைச் சூறையாடிவிட்டுத் திரும்பும்போது தேசியு வழி மறிக்கிறான். கூடவே மகன். சண்டையில் ஓர் அம்பு வந்து மகனைச் சாய்க்கிறது. அவன் சாகும்போது பாடும் பாட்டை அண்ணாச்சியின் ஒரே மகன் வேதமுத்துதான் பாடுவான். அவர் காலட்சேபத்தில் பின்பாட்டு அவன், பிடில் என் வீட்டுக்காரர். நல்ல கனமான குரல். படைத்தலைவர்கள் அழுதுகொண்டு ராயனிடம் ஓடிவருவார்கள். ராயன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான்: "ஒருவரும் அழ வேண்டாம். ஒரு சிப்பாய் செத்ததால் ராஜ்யத்துக்குக் குறைவொன்றும் இல்லை."

இது பழைய சரித்திரத்திலேயே உள்ள பேச்சு என்று அண்ணாச்சி சொல்வார். அதை அவர் மூக்கை உயர்த்தி, உதட்டைச் சுழித்து, அப்படியொரு திமிருடன் சொல்வார். "அடப் பாவி! பெத்த அப்பனா நீ?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து சத்தம் வரும். அதற்குப் பிறகு ராயன் வெறியோடு படையை நடத்திக்கொண்டு போய்ச் சதுப்பு நிலத்தில் மாட்டிக்கொள்வான். முக்கூடலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் வயல் வேலை செய்கிறவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். "தொளி கலக்கின சேத்து வயல்ல இரும்புச் சட்டையோட இறங்கிப் பாரும்வே!" என்று அண்ணாச்சி ஒரு காலை இழுத்துக் காட்டுவார். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ராயன் இறங்க இறங்கத் தாளம் ஏறும். அவன் உடம்புகூடக் கிடைக்கவில்லை என்று முடிக்கும்போது பந்தலே கைதட்டும். அல்லேலூயா என்ற சத்தத்தில் கொட்டகை ஓலை அசையும். ராயன் முங்கியதும் கைதட்டுவது எங்கள் சபைகளில் ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது.

பிறகு ஜெர்மன் சண்டை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஐயர் அண்ணாச்சியைக் கோயில் வாசலில் நிறுத்தினார். நானும் என் வீட்டுக்காரரும் பக்கத்தில்தான் நின்றோம்.

"வேய் உபதேசியாரே, உம்ம கதையில வருத கோத்தரு யாருன்னு தெரியுமா? இப்ப நம்ம துரைமாரோட சண்டை போடுத ஜெர்மன்காரனுக்கு முப்பாட்டனுவ."

"அப்படியா ஐயா? அப்ப அதையும் கதையில சேத்துருதேன்."

"சேக்காதேயும்வே! சக்கரவர்த்திய ஜெர்மன்காரன் சேத்துல முக்கிக் கொல்லுதான், நம்ம சனங்க கைதட்டுது. போலீசு காதுல விழுந்தா என்ன நெனைப்பான்? கோத்தர் தோத்ததாப் பாடிரும்."

"தோக்கலியே ஐயா."

"சேத்துல விழுததையாவது விட்டுரும்."

"விட்டா ராயன் எங்கன போனான்னு கேப்பாங்கள்லா?"

 ஐயர் கெட்டவரில்லை, பயந்தவர். கதையே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு எங்கள் சபைகளில் தேசியு ராயன் நின்றுபோனான். அண்ணாச்சி மறுத்துப் பேசவில்லை. குறைத்துச் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது அவருக்குச் சரியாகப் பட்டது.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தபோது வேதமுத்து தானாகவே போய்ப் பேர் கொடுத்தான். மதினி மூன்று வேளையும் பட்டினி கிடந்து பார்த்தார். அவன் கேட்கவில்லை. வழியனுப்ப நாங்களும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். அண்ணாச்சி அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஈரத்துணியோடு படுக்காதே, பல் வலித்தால் கிராம்பு வை, மேலதிகாரி திட்டினால் பதில் பேசாதே, அந்த ஊர்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். பிளாட்பாரம் முடிந்துவிட்டது. திரும்பி வந்து, "இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருந்துச்சு" என்றார்.

மெசபொத்தாமியாவில் ஓர் ஆற்றங்கரைச் சண்டையில் வேதமுத்து செத்துப்போனதாகத் தந்தி வந்தது. தாசில்தாரும் ஐயரும் சேர்ந்தே வந்தார்கள். வளவு முழுக்க வாசலில் கூடிவிட்டோம். தாசில்தார் குதிரை வண்டியிலிருந்து இறங்கி, விசுவாசம், ராஜபக்தி என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கை கட்டி நின்று கேட்டார். யாரோ ஒரு பெண் விசும்பினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

"யாரும் அழாதீங்க" என்றார். "ஒரு பட்டாளத்துக்காரன் போனா சர்க்காருக்கு என்ன கொறஞ்சிரப் போவுது?"

என் வீட்டுக்காரர் சட்டென்று என் கையைப் பிடித்தார். எத்தனை மேடைகளில் அந்தப் பேச்சுக்குப் பிடில் வாசித்தவர் அவர்! சொன்னவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்ததாகத் தோன்றவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற மதினிக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் பார்த்தேன்.

சாயங்காலம் மதினியின் பிறந்த ஊர்ப் பெண்கள் வந்தார்கள். தெருமுனையிலேயே கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மாரடித்து அழ ஆயத்தமாகத்தான் வந்தார்கள். ஐயர் வாசலில் தடுத்துவிட்டார். ஒப்பாரி அஞ்ஞான வழக்கம், உபதேசியார் வீட்டிலேயே அதை அனுமதித்தால் சபைக்கு என்ன சொல்வது என்றார். மோட்ச பாக்கியத்தைப் பற்றிப் பாட்டுப் பாடச் சொன்னார். அவர்களும் கூந்தலை முடிந்துகொண்டு உட்கார்ந்து பாடினார்கள். உடல் இல்லை, பெட்டி இல்லை, குழி இல்லை. மதினி சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஐயர் மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை.

அதன் பிறகு அந்த வீடு பேச்சில்லாத வீடாயிற்று. சாப்பிட்டாச்சா என்று கேட்டால் அண்ணாச்சி "ஆச்சு" என்றார்.  வேதமுத்து பேரை அவர் எடுக்கவே இல்லை. மதினி எடுத்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகை நெருங்கியது. மகனைக் கொடுத்தவரிடம் ஐயருக்கு இப்போது கண்டிப்பு இல்லை. காலட்சேபம் பண்ணும் என்று அவராகவே கேட்டார். தேசியு ராயன்தான் சொல்லுவேன் என்றார் அண்ணாச்சி. ஐயர் எச்சில் விழுங்கிக்கொண்டு, சேற்று இடத்தை மட்டும் பைய சொல்லிவிட்டுப் போய்விடும் என்று சம்மதித்தார்.

அன்று நான் மோர் கொடுக்கப் போனபோது மதினி அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை.

"கதையச் சொல்லுங்க. அந்த ஒத்த வரிய மட்டும் விட்டுருங்க."

"எந்த வரிய?"

"உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு வாசல்ல நின்னு சொன்னீங்களே, அது."

அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.  "விட்டா அது கதையில்லட்டி" என்றார்.

"கதை நாசமாப் போவட்டும்! எம் புள்ளய ஒரு தடவ ஒண்ணுமில்லாம ஆக்கினது போதும். ஊரு கூடியிருக்க எடத்துல இன்னொரு தடவ ஆக்காதீங்க."

அவர் வரேன் என்றும் சொல்லாமல் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மதினி என் கையில் இருந்த செம்பை வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பண்டிகையன்று வெயில் தாழ்ந்ததும் காலட்சேபம் தொடங்கியது. காணிக்கையாக வந்த வாழைத்தார்களும் நெல்மூட்டைகளும் பந்தலின் ஓரத்தில் கிடந்தன. நடுவே கயிறு கட்டி ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். நான் மதினியை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அண்ணாச்சி எப்போதும் போலத்தான் தொடங்கினார். வருசத்துக்கு ஒரு ராயன் வந்தான். தன்யூபு பெருகியது. வண்டிகள் இறங்கின. ஒரு பானையைக்கூட அவர் விடவில்லை. நான் மதினியின் கையைப் பிடித்திருந்தேன். 

அம்பு பாய்ந்தது. வேதமுத்து பாடும் இடம் வந்தது. அண்ணாச்சி அதைப் பாடவில்லை. என் வீட்டுக்காரர் அந்த மெட்டைப் பிடிலில் மட்டும் வாசித்தார். விஷயம் தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். படைத்தலைவர்கள் ராயன் முன்னால் ஓடிவந்து நின்றார்கள்.

"ஒருவரும் அழ வேண்டாம்" என்றார் அண்ணாச்சி.

மூக்கை உயர்த்தவில்லை, உதட்டைச் சுழிக்கவில்லை. சொந்தக் குரலில், அன்று வாசலில் சொன்னது போலச் சொன்னார். அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. பிடில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. யாரும் பாவி என்று சத்தம் போடவில்லை.

"நான் அழுவேன்."

மதினிதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போலச் சொன்னார். பிறகு என் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"ஆரு வேண்டாம்னாலும் நான் அழுவேன்!"

கொண்டை அவிழ்ந்தது. ரெண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு, ஸ்தோத்திரப் பண்டிகைப் பந்தலில், ஐயர் முன்னால், அந்த உபதேசியார் மனைவி ஒப்பாரி வைத்தார்.

"ஆத்துத் தண்ணி அள்ளி வச்சேன் – என் ராசா
அழுக்குத் தீரக் குளிக்கலியே
கோரப் பாயி விரிச்சு வச்சேன் – என் ராசா
நீ கூடு வந்து சேரலியே…"

பிறந்த ஊர்ப் பெண்கள்தான் முதலில் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு வயல்காட்டுப் பெண்கள், வளவுப் பெண்கள், நான், எல்லாரும். ஐயர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் மனைவி ஐயரம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அதை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரும் வாய்விட்டு அழுதார். ஐயர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சி சிப்ளாக்கட்டையைக் கீழே வைத்தார். மேடையிலிருந்து இறங்கி, கயிற்றைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் வந்தார். எந்த ஆணும் வராத பக்கம் அது. மதினி முன்னால் தரையில் உட்கார்ந்தார். மதினி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். அண்ணாச்சி பேச ஆரம்பித்தார். வேதமுத்து பிறந்த அன்று ஆற்றில் வெள்ளம் வந்ததை, மருத்துவச்சி அக்கரையில் மாட்டிக்கொண்டதை, அவன் முதலில் பேசின வார்த்தையை, எந்தப் பக்கத்துக் காதில் மச்சம் என்பதை, மாங்காய் திருடி அடி வாங்கினதை, அடித்த பிறகு தான் கொல்லையில் போய் நின்றதை, ஸ்டேஷனில் சொல்லாமல் விட்டதை. ஒன்றையும் விடவில்லை. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மதினி ஒவ்வொன்றுக்கும் அழுதார். பந்தலில் விளக்கு ஏற்றினார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

கதை அன்று அதற்கு மேல் நகரவில்லை. அந்த ராத்திரி தேசியு ராயன் எங்கள் ஊரில் சேற்றில் இறங்கவே இல்லை. செத்த மகன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.